ஆணி விழுந்த இரவு

2005ஆம் ஆண்டு. கடற்கோளுக்குப் பின் நாங்கள் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த காலம். பக்கத்துக் கொட்டில் அக்கா இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். பழுதான வானொலியின் ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் காந்தத்தில் ஓர் ஆணியை ஒட்டிப் படுக்கைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"பூகம்பம் வர முன்னம் காந்தம் சக்தி இழக்குமாம். ஆணி விழுந்தால் ஓடலாம் பிள்ளை" என்பார்.

ஒருநாள் நடுச்சாமத்தில் ஆணி விழுந்தது. அக்கா போட்ட கூக்குரலில் முகாமே இருட்டில் ஓடியது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி முட்கம்பியில் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டாள். கடலோ அமைதியாகக் கிடந்தது. கயிற்றில் எலி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா வெட்கத்தில் இரண்டு நாட்கள் வெளியே வரவில்லை.

அக்காவின் நம்பிக்கை பழையது என்று பின்னர் வாசித்து அறிந்தேன். 1855இல், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், பூகம்பத்துக்குச் சற்று முன்னர் கடையொன்றின் காந்தக்கல்லிலிருந்து ஆணிகள் உதிர்ந்ததாக ஒரு கதை உண்டு. விஞ்ஞானிகளும் தேடினார்கள். 1989 ஒக்ரோபர் 17இல் கலிபோர்னியாவின் லோமா பிரியேற்றா பூகம்பத்தில் 63 பேர் இறந்தனர். அதன் மையத்திலிருந்து 7 கிலோமீற்றர் தூரத்தில் அன்ரனி பிரேசர்-சிமித் என்ற ஆய்வாளர் வைத்திருந்த கருவி, 3 மணித்தியாலங்களுக்கு முன்பே காந்த அலைகள் பெரிதாகக் கூடியதைப் பதிவு செய்திருந்தது. ஆனால் 2009இல் வேறு ஆய்வாளர்கள் அந்தப் பதிவை மீளப் பார்த்து, கருவிக் கோளாறாகவே இருக்க வேண்டும் என்றார்கள். 2004 செப்ரெம்பரில் அதே மாநிலத்தின் பார்க்பீல்டில் கருவிகள் காத்திருக்கும்போதே பூகம்பம் வந்தது. தெளிவான முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை.

அழுத்தம் கூடினால் பாறையின் காந்தத்தன்மை மாறும் என்பது மெய். ஆனால் அது மிகச் சிறிய மாற்றம். சூரியனால் நாளாந்தம் உண்டாகும் மாற்றங்களுக்குள் மறைந்துபோகும். அதை ஓர் ஆணி காட்டாது.

பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வந்தபின் அலையைப் பற்றிச் சொல்லலாம். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களின் பின்பே எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வந்தது. எங்களுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

2012 ஏப்ரல் 11இல் அந்தப் பக்கமே மீண்டும் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. அக்கா வானொலியில் கேட்டதும், நடக்கமாட்டாத ஓர் ஆச்சியையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். பெரிய அலை வரவில்லை. "வீணாய் நடந்தோம் எண்டு நினைக்காதை பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, வானொலிக்குப் பற்றரி போட்டு வையுங்கள். மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். அக்காவின் காந்தம் இன்னும் இருக்கிறது. தையல் மெசினடியில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க.