வாட்டிய இலை

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போகும் செந்தூர் வண்டியில் இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளை வந்ததே தெரிவதில்லை, செல்பேசியில் சொல்லிவைத்தது ஏதோ ஒரு ஸ்டேஷனில் டப்பாவாக ஏறுகிறது, பிரியாணியோ சப்பாத்தியோ, மூடியைத் திறந்தால் அட்டை வாசம்தான் முதலில் வருகிறது. என்றைக்காவது பக்கத்துத் தடுப்பில் யாரோ இலைப்பொட்டலம் பிரிக்கிறார்கள், வாட்டிய வாழையிலையும் மிளகாய்ப்பொடியில் ஊறிய நல்லெண்ணெயுமாக ஒரு மணம் மின்விசிறிக் காற்றில் சுற்றி வருகிறது, உடனே நான் குலசேகரன்பட்டினத்தில், ஆச்சியின் அடுக்களை வாசலில், கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறேன்.

மெட்ராஸுக்குக் கிளம்பும் நாளில் ஆச்சி கோழி கூவும் முன்பே எழுந்திருப்பாள், அரிக்கேன் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இலையைத் தணல்மேல் காட்டிக் காட்டி எடுப்பாள், இட்லியைச் சூட்டோடு கட்டினால் வேர்த்துவிடும் என்று ஆறவிட்டு, இரண்டு பக்கமும் பொடி தடவி அடுக்குவாள், மத்தியானத்துக்குப் புளிச்சோறு, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், வாய் கசந்தால் போட்டுக்கொள்ள உடன்குடிச் சில்லுக்கருப்பட்டி. போவது மூன்று பேர், கட்டுவது ஏழெட்டுப் பேருக்கு. எல்லாம் முடிந்ததும் தாத்தா கூஜாவின் மூடியைத் திருகிப் பார்ப்பார், திண்ணைக்குப் போய் மூக்குப்பொடி போட்டுவிட்டு வந்து மறுபடியும் திருகிப் பார்ப்பார்.

குலசேகரன்பட்டினத்தில், எங்கள் வாயில் குலசை, ரயில் கிடையாது, திருச்செந்தூர் வரை பஸ். ஒரு காலத்தில் இருந்தது, பாரி கம்பெனி கருப்பட்டிக்காகப் போட்ட இரண்டடி அகலத் தண்டவாளம், திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரைக்கும், ஆளையும் ஏற்றிக்கொள்ளும், 1940-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆச்சி வாழ்க்கைப்பட்டு வந்தது அந்த வண்டியில்தான். பஸ் ஜன்னலில் பனங்காடு தெரியும்போதெல்லாம், “இந்தா, இதுலதாம்ல எங்க வண்டி போச்சு” என்று வெறும் செம்மண்ணைக் காட்டுவாள், ஒரு சில்லைக் கூட யாரும் விட்டுவைக்காத தேரியில் எனக்கு என்ன தெரியும். இப்போது குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது, ஊரிலிருந்து இனி விண்ணுக்குப் போகலாம், திசையன்விளைக்குப் போக இப்போதும் பஸ்தான்.

திருநெல்வேலியில் வண்டி மாறி, கரித்தூள் கண்ணில் விழ விழப் போகும் பகல் பயணம் அது, ஊர்கள் பெயர்ப்பலகையால் அல்ல, கூவி வருகிற பண்டத்தால் தெரியும், கடம்பூர் என்றால் போளி, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், மணப்பாறையில் முறுக்கு. தாத்தா எல்லாவற்றையும் விலை கேட்பார், எதையும் வாங்கமாட்டார். விருதுநகர் தாண்டியதும் ஆச்சி பொட்டலத்தை மடியில் எடுத்து வைப்பாள், ஆனால் உடனே பிரிக்கமாட்டாள். எதிரே இருப்பவரைப் பார்த்து, “தம்பி எந்தூரு? அங்க யாரு வீடு?” என்று தொடங்குவாள், ஊர், தெரு, தகப்பனார் பேர், பெண் எடுத்த இடம் என்று ஒவ்வொன்றாக இறங்கி, பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தால்தான் இலை பிரியும், அப்புறம் அந்த ஆள் போதும் போதும் என்றாலும் விடமாட்டாள். திருப்தி இல்லாத நாட்களும் உண்டு, அன்றைக்குப் பொட்டலம் மடியிலேயே வெகுநேரம் இருக்கும், எங்களுக்குப் பசிக்கும். அந்த விசாரிப்புக்குப் பெயர் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜெர்மனியில் இருக்கும் மருமகன் ஒரே பகலில் ரயிலில் மூன்று நாடு கடந்ததைச் சொன்னான், சாப்பாட்டுப் பெட்டியில் பீங்கான் தட்டு, கண்ணாடிக் கோப்பை, வெளியே ஆறும் திராட்சைத் தோட்டமும். “யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க மாமா, நிம்மதி” என்றான், எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது.

போன தடவை ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன், குழல்விளக்கு, காலிப் பெஞ்சு, ஆற்றுப்பக்கத்திலிருந்து வாழைத்தோட்டத்து ஈரவாசம். இங்கேதான் 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் வண்டி மாட்டிக்கொண்டது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்க் கம்பி அந்தரத்தில் தொங்கியது, சுமார் 800 பேர், சுற்றிலும் வெள்ளம். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடும் முன்பே பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஆக்கிப் போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். அந்த 800 பேரில் பாதிப்பேராவது டப்பாச் சாப்பாட்டுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள், நான் இத்தனை நாளாக அலுத்துக்கொண்டிருக்கும் அதே பெட்டி, அதே ஜனம்.

புதுக்குடியில் யாரும் எந்தூரு, யாரு வீடு என்று கேட்டிருக்க வழியில்லை, 800 பேரைக் கேட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். ஆச்சி என்றால் கேட்டுத்தான் இருப்பாள்.