காப்பை அடகு வைக்க முன் ஒரு சொல்



உயர்தரத்தில் ஐசிடி எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சேர், புது லெப்டொப் இல்லாட்டி பிள்ளைக்கு ப்ரோக்ராமிங் படிக்க ஏலாதா?" சிலர் காப்பை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுக்கும் முடிவோடு வருகிறார்கள். அவர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் கணினி அறையில் இருப்பவை பழைய கணினிகள். பலவற்றில் 2 ஜிபி ரெம்தான். பைத்தன் பாடத்தில், 1 முதல் 5 கோடி வரையான எண்களைக் கூட்டச் சொன்னோம். பிள்ளைகள் எல்லா எண்களையும் முதலில் ஒரு லிஸ்டில் போட்டு, பிறகு கூட்டினார்கள். கணினி அப்படியே உறைந்து நின்றது. "மெஷின் சரியில்ல சேர்" என்றார்கள்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 64 பிட் பைத்தனில் லிஸ்டின் ஓர் இடத்துக்கு 8 பைட். அதில் குறிக்கப்படும் சாதாரண முழு எண் ஒன்றுக்கு 28 பைட். ஆக ஓர் எண்ணுக்கு 36 பைட். 5 கோடி எண்களுக்கு 180 கோடி பைட், கிட்டத்தட்ட 1.8 ஜிபி. விண்டோஸுக்கும் இடம் வேண்டுமே! சுமக்கத் தேவையில்லாததைச் சுமக்கச் சொன்னால் எந்த மெஷின்தான் தாங்கும்? கூட்டுவதற்கு ஒரு நேரத்தில் ஓர் எண் கையில் இருந்தால் போதும்.

இதற்குப் பைத்தனில் இருக்கும் வழிதான் ஜெனரேட்டர். அப்பக் கடையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலேயே நூறு அப்பம் சுட்டு அடுக்கி வைத்தால் வைக்க இடமும் வேண்டும், ஆறியும் போகும். கடைக்காரர் அப்படிச் செய்வதில்லை. கேட்டால் ஒன்று ஊற்றிக் கொடுப்பார். அடுத்தவர் கேட்கும் வரை மா, அடுப்பு, தாச்சி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மறுபடி முதலில் இருந்து மா கரைக்கத் தேவையில்லை.

சாதாரண ஃபங்ஷன் ஒன்று 'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடும். அதற்குள் இருந்த மாறிகளும் போய்விடும். 'ரிட்டர்ன்' இருக்கும் இடத்தில் 'யீல்ட்' என்று எழுதினால் கதை வேறு. ஒரு பெறுமானத்தைக் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் அந்த வரியிலேயே இடைநிற்கும். மாறிகள் அப்படியே இருக்கும். அடுத்த பெறுமானத்தைக் கேட்கும்போது, நின்ற இடத்தில் இருந்தே தொடரும். 5 கோடி எண்களாக இருந்தாலும் அது பிடிக்கும் இடம் சில நூறு பைட் அளவுதான். அதே பழைய கணினியில் விடை வந்தது. நேரம் எடுத்தது, ஆனால் உறையவில்லை.

பெரிய கோப்புகளை வாசிப்பதும் இப்படித்தான். பல இலட்சம் வரிகளை ஒரே தரத்தில் நினைவகத்துக்கு இழுக்காமல், ஒரு ஜெனரேட்டர் வரியைக் கொடுக்கும், அடுத்தது அதைப் பிரிக்கும், மூன்றாவது வேண்டியதை மட்டும் தெரிவு செய்யும். தேடியது பத்தாவது வரியிலேயே கிடைத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஒரு ஜெனரேட்டரை ஒரு தரம்தான் ஓட்டலாம். முடிந்த பிறகு மறுபடி வேண்டுமென்றால் புதிதாக உருவாக்க வேண்டும். மொத்தம் எத்தனை என்று முன்கூட்டியே கேட்க முடியாது, நடுவில் இருந்து ஐந்தாவதைத் தா என்றும் கேட்க முடியாது. ஒவ்வொரு தரமும் நின்று தொடர்வதற்குச் சிறு செலவும் உண்டு. அதனால் சின்னத் தரவு, பல தரம் பார்க்க வேண்டும் என்றால் லிஸ்ட்தான் நல்லது. இடத்துக்கு ஏற்ற கருவியைத் தெரிவு செய்யத் தெரிவதுதான் படிப்பு.

இது ஏழைக் கணினிக்காகச் செய்யும் ஒட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நின்று தொடரும் இந்த வகைக்கு 1958இல் பெயர் வைத்தவர் மெல்வின் கொன்வே. கோபோல் கம்பைலர் ஒன்றின் பகுதிகள் ஒன்றுக்கொன்று வேலையைக் கைமாற்றி, ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வழியை அவர் 1963இல் எழுதினார். 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கொவ் குழுவினர் உருவாக்கிய சிஎல்யூ மொழியில் 'யீல்ட்' இருந்தது. பைத்தனுக்கு அது வந்தது 2001இல், 2.2 பதிப்பில். கொன்வே காலத்துக் கணினிகளோடு பார்த்தால் எங்கள் 2 ஜிபி மெஷின் ஒரு மாளிகை! இடம் குறைவாக இருந்தபோது யோசித்த மனிதர்களின் சொத்து இது. எங்கள் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

வசதி உள்ளவர்கள் லெப்டொப் வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் கடன்பட்டு, நகை வைத்து வாங்க வேண்டும் என்ற நிலை இருந்தால், அதற்கு முன் எங்களோடு ஒரு தரம் கதையுங்கள். உயர்தரப் பைத்தனுக்குப் பாடசாலைக் கணினி போதும். நாங்கள் பிள்ளையோடு இருந்து காட்டித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

ஐசிடி படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைப் பகிர்ந்து விடுங்கள்.