நண்டுக் கோதும் நம் கிணறும்

கடலோரத்திலே வாழ்ந்தவர் எதனையும் எளிதிற் கழிவென்று ஒதுக்கியதில்லை. மீனின் குடலும் செதிளும் தென்னையின் அடியிற் புதைக்கப்பட்டன. விற்று மிஞ்சிய மீன் கருவாடாயிற்று. அதற்கும் உதவாதது தோட்டத்துக்கு எருவாயிற்று. இன்று அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயரிட்டழைப்பதை எம்மவர் பெயரின்றியே செய்துவந்தனர். ஆயினும், பழம்பெருமை பேசி அமைதியடைவதற்கில்லை. அன்று மீனைப் பிடித்த ஊரிலேயே அதன் பயனும் எச்சமும் தங்கின. இன்று பயன் கப்பலேறுகின்றது. எச்சம் மட்டுமே ஊரில் தங்குகின்றது.

யாழ்ப்பாணக் கடலில் அகப்படும் நீலநண்டு பதனிடும் நிலையங்களில் அவிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, சதை வேறாக்கப்பட்டு வெளிநாடுகளுக்குச் செல்கின்றது. என் மாணவர் சிலரின் தாய்மார் அத்தகையதொரு நிலையத்திலே தொழில் புரிகின்றனர். பிரித்த சதையின் நிறைக்கே அவர்களுக்குக் கூலி. கோது கீறிய விரல்களுக்குக் கணக்கில்லை. நண்டின் எடையிற் பெரும்பகுதியான கோதோ பின்வளவுக் குழியிற் கொட்டப்படுகின்றது.

எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறில்லாத இம்மண்ணில், கல்லின் வெடிப்புகளினூடே இறங்கும் மழைநீரே கிணற்று நீர். அதே வழியாகக் குழியின் சாறும் இறங்குகின்றது. சென்ற மாரியில் அயற்கிணறுகள் சிலவற்றின் நீரைக் குடிப்பதை மக்கள் நிறுத்திவிட்டனர். கழிவை வெளியேற்றும் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டுமென்று நாட்டிலே சட்டமுண்டு. உரிமம் சுவரிலே தொங்குகின்றது. கோது குழியிலே அழுகுகின்றது.

இக்கோது உண்மையிற் குப்பையா? 1811இல் பிரெஞ்சு அறிஞர் பிராக்கோனோ காளானிற் கண்டறிந்த 'கைற்றின்' என்னும் பொருள் இதிலும் நிறைந்துள்ளது. அதிலிருந்து பெறப்படும் 'கைற்றோசன்' புண்ணுக்குக் கட்டாகின்றது. கலங்கிய நீரைத் தெளிவிக்கின்றது. எம் கிணற்றைக் கெடுப்பதே, முறையாகக் கையாளப்படின், நீரைத் தூய்மையாக்கவல்லது!

ஆனால், விஞ்ஞானம் மட்டும் நீதி வழங்கிவிடாது. ஐஸ்லாந்தில் கொட் மீனின் தலை உலர்த்தப்பட்டு நைஜீரியாவுக்குச் செல்கின்றது. தோல் புண்ணாற்றும் மருந்துப் பொருளாகின்றது. மீன்வளம் தேசத்தின் பொதுச்சொத்து என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு கூறுகின்றது. எனினும், பிடிக்கும் உரிமையை விற்கவும் வாங்கவும் அச்சட்டமே இடமளித்ததால், அவ்வுரிமை பெருநிறுவனங்கள் சிலவற்றின் கையிற் குவிந்தது. எதையும் வீசாதிருக்க அந்நாட்டிடம் கற்போம். பொதுச்சொத்து எவ்வாறு தனிச்சொத்தாகின்றது என்பதையும் அங்கேயே கற்போம்.

நாளை கோதுக்கும் விலை வரும். அவ்விலை முதலாளியின் பையை மட்டும் நிரப்புமாயின், அதனைச் சுழற்சி என்பது பொய். கோதின் வருவாயிற் பங்கு உடைப்பவளின் கூலியிற் சேரவேண்டும். கிணற்று நீரின் சோதனை முடிவு ஊரறிய ஒட்டப்படவேண்டும். உரிமம் புதுப்பிக்கப்படும்போது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் குரலும் கேட்கப்படவேண்டும். கடலுக்குச் செல்பவனும் கோதுடைப்பவளும் கிணற்றில் அள்ளுபவரும் இடம்பெறாத வட்டம் முழுமையான வட்டமாகாது.