கொக்கி முதலில் தண்ணீரைத் தொடட்டும்

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் 1984 முதல் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளித்தான் ஓய்வுபெற்ற மெடிக்கல் அசிஸ்டென்ட் ஒருவரின் வீடு. குளச்சல்காரர். கடலிலும் வெள்ளத்திலும் சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் தூக்கும்போது மருத்துவம் என்ன செய்கிறது என்று அவரிடம் கேட்டேன். பதிலுக்கு அவர் ஆளைத் தூக்கும் பட்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"மேல வந்தப்புறம் பெருசா என்ன தம்பி வைத்தியம்? அந்த இரைச்சல்ல ஸ்டெதஸ்கோப் சும்மா கழுத்துல கெடக்கும். நாடியை விரலால பாக்கணும், நெஞ்சு ஏறி இறங்குதான்னு கண்ணால பாக்கணும்."

சலைனை உயரத்தில் தொங்கவிட உள்ளே இடம் போதாது. பையை அமுக்கித்தான் ஏற்ற வேண்டும்.

வெகுநேரம் கடலில் கிடந்தவரின் உடம்பைச் சுற்றிலும் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும். நட்டக்குத்தாக வெளியே இழுத்தால் அந்த அழுத்தம் சட்டென்று விலகி, ரத்தம் கால்களில் தேங்கிவிடும். மூளைக்குப் போவது குறையும். மீட்கும் நேரத்திலேயே மயங்கியவர்களும் உண்டு, இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் அக்குளுக்குக் கீழே ஒரு பட்டை, முழங்கால் மடிப்பில் இன்னொன்று. ஆள் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் மேலே வருவார். மூழ்கும் நிலையில் இருப்பவருக்கு இதற்கெல்லாம் நேரமிருக்காது. ஒற்றைப் பட்டையைப் போட்டுத் தூக்க வேண்டியதுதான். எது பெரிய ஆபத்து என்று அந்தரத்தில் தொங்கியபடி முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பகுதி என்று எனக்குப் பட்டது.

2018 ஆகஸ்ட் 17 அன்று, கேரளப் பெருவெள்ளத்தில் ஆலுவா பக்கம் பனிக்குடம் உடைந்த கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை மீட்டது. ஹெலிகாப்டரை ஓட்டியவர் கமாண்டர் விஜய் வர்மா. அந்தப் பெண்ணைத் தூக்குவதற்கு முன், அவரைப் பரிசோதிக்க மருத்துவர் ஒருவர் கயிற்றில் கீழே இறங்கினார். கொச்சி கடற்படை மருத்துவமனை சஞ்சீவனியில் அன்றே ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பகலின் பெரிய வைத்தியம் கீழே நடந்த அந்தப் பரிசோதனைதான் என்பேன்.

மெடிக்கல் அசிஸ்டென்டின் வீட்டிலிருந்து மீனவர் ஊரான பூந்துறைக்குப் போனேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்தக் கரையின் படகுகளைக் கடலில் வைத்துப் பிடித்தது. ஒக்கியில் தூக்கப்பட்ட மீனவர் ஒருவர் தமிழ் கலந்த மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: காற்றாடி எழுப்பிய சாரலில் மூச்சு முட்டியது, மேலிருந்து இறங்கிய கொக்கியை எட்டிப் பிடித்ததும் ஷாக் அடித்துக் கையை விட்டுவிட்டார்.

பறக்கும் ஹெலிகாப்டரில் மின்னூட்டம் சேரும். கொக்கி தண்ணீரையோ தரையையோ தொட்டபின்தான் அது இறங்கும். இதை யாரும் தனக்கு முன்பே சொல்லவில்லை என்றார் அவர்.

கேரளம், தமிழ்நாடு என இரு மாநில மீன்வளத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை ஒவ்வொரு துறைமுகத்திலும் நாலு வரி எழுதிப் போடுங்கள். கொக்கி தண்ணீரைத் தொடும்வரை கை வைக்காதே. கயிற்றைப் படகில் கட்டாதே. பட்டைக்குள் போனபின் கையைத் தலைக்கு மேல் தூக்காதே, நழுவி விழுவாய். உள்ளே இழுக்கும்வரை நீயாக எதையும் அவிழ்க்காதே.