சவளும் அரை ரிக்கற்றும்

ஒஸ்லோ
மே மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

இளைப்பாறிய எங்கள் ஆட்கள் நோர்வேயில் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர். கோயில், கலியாண வீடு, ரீவி என்று பதிலையும் நீரே எழுதியிருந்தீர். அவை உண்டுதான். ஆனால் அக்கா வீட்டில் தங்கியிருந்து நான் பார்ப்பது வேறு. அத்தானின் நாள் ஸ்குறூட்றைவரோடு தொடங்கும். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது ஒருவரின் குசினியில் முடியும்.

இவர்கள் இருப்பது ஒஸ்லோவின் வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில். நிலக்கீழ் ரயில் 1966இல் குரூருட் வரை வந்தது. 1974இல் ரொம்மனுக்கும் ஸ்டொவ்னருக்கும், 1975இல் வெஸ்ட்லிக்கும் நீண்டது. ரயில் வந்த வழியே மாடிக்கட்டடங்களும் எழும்பின. முதலில் நோர்வேஜியத் தொழிலாளர் குடும்பங்கள், பிறகு பாகிஸ்தானியர், பிறகு நாங்கள், பிறகு சோமாலியர் என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அம்மெரூடில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. ரொம்மனில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே ரயில் பாதைதான்.

குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்ததும், அவருடைய முயற்சியால் 1967இல் சீநோர் தொடங்கியதும் உமக்குத் தெரிந்த கதை. காரைநகரில் படகு கட்டும் இடத்தை நாங்கள் சின்ன வயதில் போய்ப் பார்த்திருக்கிறோமே. அந்தத் தொடர்பு திறந்த வழியால் பிறகு பலர் வந்தார்கள். எண்பதுகளில் வந்தவர்களில் நிறையப்பேர் வடகோடியில், பின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். அத்தானும் அப்படித்தான். அங்கே குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலை காட்டாது. விறைத்த மீனைக் கத்தியால் கிழித்துக் கிழித்தே அவருடைய வலது கைப் பெருவிரல் இன்னும் முழுதாக மடியாது. பிள்ளைகளின் படிப்புக்காகத் தெற்கே இறங்கி, ஒஸ்லோவில் கட்டடங்களைத் துப்புரவு செய்து, கடைசியில் ஒரு பாடசாலையில் வேலை பார்த்து இளைப்பாறியிருக்கிறார்.

இங்கே பென்சனுக்கு வழமையான வயது 67. 2011இலிருந்து, போதிய அளவு உழைத்துச் சேர்த்திருந்தால் 62இலேயே எடுக்கத் தொடங்கலாம் என்று மாற்றினார்கள். ஆனால் குறைந்தபட்ச பென்சனை முழுதாகப் பெற, நாட்டில் நாற்பது வருடம் இருந்திருக்க வேண்டும். முப்பது வயதில் 1987இல் வந்தவருக்கு அந்த நாற்பது நிரம்பாது. எங்கள் ஆட்களில் பலருக்குப் பென்சன் சற்றுக் குறைவதற்கு இதுதான் காரணம். பிள்ளைகள் பின்னால் கூப்பிட்டு எடுத்த தாய் தகப்பன்மாருக்கு இன்னும் குறைவு. அவர்களுக்காக 2006இலிருந்து ஒரு துணை உதவித் தொகை இருக்கிறது. அதை எடுப்பவர் பன்னிரண்டு மாதத்துக்குள் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளிநாட்டில் நிற்க முடியாது. இங்கேயிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உம்முடைய மாமி மூன்று மாதம் முடியுமுன் ஏன் அவசரப்பட்டுத் திரும்பினார் என்று அப்போது கேட்டீரே, விசயம் இதுதான்.

இனி வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டடம் ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், பொரெத்ஸ்லாக் என்பார்கள். ஒஸ்லோவில் இந்த முறையைப் பெருக்கியது 1929இல் தொடங்கிய ஒபோஸ் என்ற பெரிய சங்கம். குடியிருப்பவர் ஒவ்வொருவரும் பங்காளி. மாதாமாதம் பொதுச் செலவுக்குப் பணம் கட்டவேண்டும். கூரை, வெளிச்சுவர், கட்டடத்துக்குள் ஓடும் பெரிய குழாய்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்குள்ளே பைப், அலுமாரி, தரை, சுவர்ப் பூச்சு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. குளியலறைத் தரையில் இருக்கும் தண்ணி போகும் துவாரத்தைத் துப்புரவு செய்வதுகூடக் குடியிருப்பவரின் கடமைதான். அத்தான் அதை மாதக் கடைசியில் தவறாமல் செய்வார். முழங்கையளவு றப்பர்க் கையுறை போட்டு, மூடியைக் கழற்றி, தலைமயிரையும் சவர்க்கார ஊத்தையையும் வழித்தெடுப்பார். அது அடைத்துத் தண்ணி கீழ்வீட்டுக்கு இறங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வயரிங் வேலையில் மட்டும் அவர் கை வைக்க மாட்டார். பல்ப் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் செய்யலாம், அதற்குமேல் உரிமம் உள்ள மின்பணியாளர்தான் வரவேண்டும். கூலி கொஞ்ச நஞ்சமல்ல. நோர்வேயில் கைவேலைக்கு மதிப்பும் அதிகம், விலையும் அதிகம். அதனாலேயே சாதாரண மனிதர்கள் பலரும் கை வேலை பழகியிருக்கிறார்கள். வங்கியில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவரும் தன் வீட்டு யன்னல் சட்டத்துக்குத் தானே பெயின்ற் அடிக்கிறார். எங்கள் ஊரில் பென்சன் எடுத்த ஒரு மாஸ்ரர் மண்வெட்டி பிடித்தால் பிள்ளைகளுக்கு வெட்கம் என்று சொல்லிச் சாய்மனைக் கதிரையில் இருத்திவிடுகிறோமே, அது எனக்கு இங்கே வந்த பிறகு மிகவும் உறுத்துகிறது.

அத்தானுக்கு இப்போது பெரிய வேலை பூஞ்சணம். இந்தப் பழைய மாடிகளில் யன்னலுக்கு மேலேயோ சுவரிலேயோ காற்று வர ஒரு சின்னத் திறப்பு இருக்கும். குளிருக்குப் பயந்து எங்கள் ஆட்கள் அதற்குத் துணி அடைத்து, மேலால் ரேப்பும் ஒட்டிவிடுவார்கள். உள்ளே சோறு வேகும், புட்டு அவியும், உடுப்புக் காயும். அந்த ஈரக்காற்றுக்கு வெளியேற வழியில்லை. குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டுத் தண்ணியாக இறங்கும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி விழும். பிறகு பிள்ளைக்கு இருமல், சுவருக்கு நாற்றம். அத்தான் தமிழ் வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணி வருமுன் எழும்பிப்போய் அந்தத் திறப்பைத்தான் பார்ப்பார். “துணியை எடுங்கோ தம்பி. காத்து வரட்டும். அலுமாரியைச் சுவரிலயிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. காலமையும் பின்னேரமும் எல்லா யன்னலையும் அஞ்சு நிமிசம் அகலத் திறந்துவிடுங்கோ” என்று சொல்லி, கொண்டுபோன துணியாலும் மருந்தாலும் சுவரைத் துடைத்தும் கொடுப்பார். இதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை, அவர் கேட்பதும் இல்லை. முருங்கைக்காய் கறி ஒரு பேணியில் வீடு வந்து சேரும்.

நான் வந்த நேரம் நல்ல நேரம். மே 17 இவர்களின் பெருநாள். 1814இல் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட நாள். அதற்கு முன் நாடெங்கும் பல கட்டடங்களிலும் பாடசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் வசந்தகாலச் சிரமதானம் நடக்கும். டுக்னாட் என்கிறார்கள். மாடிப்படி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: நாள், நேரம், சாமான்கள் எங்கே இருக்கும் என்ற விபரம். வராவிட்டால் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனாலும் வந்தார்கள். குளிர்காலம் முழுக்க ஐஸில் வழுக்காமல் இருக்க நடைபாதைகளில் பொடிக்கல் தூவுவார்கள். பனி கரைந்தபின் அவ்வளவும் புல்லிலும் படியிலும் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளுவதுதான் முதல் வேலை. அத்தான் சவளோடு முன்னுக்கு நின்றார். மேல்மாடியில் தனியாக இருக்கும் நோர்வேஜிய அம்மா, எண்பதைத் தாண்டியவர், பூச்சாடிகளுக்கு மண் நிரப்பினார். ரக்ஸி ஓட்டி இளைப்பாறிய பாகிஸ்தானியர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பெயின்ற் அடித்தார். சோமாலியத் தாய் ஒருவர் இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு வாளியோடு கூட்டி வந்திருந்தார். மத்தியானம் எல்லோருக்கும் வாஃபிளும் கோப்பியும், நெருப்பில் வாட்டிய சொசேச்சும். அக்கா கடலை வடை சுட்டுக் கொண்டுபோனாள். முதலில் முடிந்தது வடைதான்.

நண்பரே, இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், அத்தான் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் படிக்கட்டுகளை விடியற்காலையில், ஆள் எழும்புமுன், சம்பளத்துக்குக் கழுவியவர். அப்போது அவரை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. இன்று அதே மாதிரி ஒரு படிக்கட்டைச் சம்பளம் இல்லாமல், தன் படிக்கட்டு என்று கழுவும்போது பக்கத்தில் நின்று அந்த இளைப்பாறிய வங்கி மனேச்சர் வாளி பிடிக்கிறார். “இந்தப் பக்கம் பிடி”, “மேல கொஞ்சம் தூக்கு” என்ற அளவு நொஸ்க், அதாவது நோர்வே மொழி, போதும் அங்கே. அத்தானின் நொஸ்க் கூட்டங்களில் பேசப் போதாது என்று அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் சவள் பிடித்த கையோடு போய்விடுவதை நான் கண்ணால் கண்டேன். அன்று மாலை மேல்மாடி அம்மா தன் வீட்டு ஹீற்றர் ஒரு பக்கம் சுடவில்லை என்று சொல்ல, அத்தான் சின்னச் சாவி ஒன்றோடு ஏறிப்போய் அதற்குள் சிக்கிய காற்றைத் திறந்துவிட்டு வந்தார். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் இறங்கினார். அந்த அம்மா போட்டோ அல்பத்தை எடுத்துவிட்டாராம்.

வேலை இல்லாத நாட்களில் சுற்றப் போகிறோம். 67 வயதானால் பஸ், ட்ராம், ரயில் எல்லாவற்றிலும் அரை ரிக்கற். அதே ரிக்கற்றில் ஒஸ்லோ குடாவில் உள்ள தீவுகளுக்குப் படகிலும் போகலாம். நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலிருந்து ஏறினால் சில நிமிடத்தில் ஹூவெட்ஓயா தீவு. 1147இல் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் அங்கே ஒரு மடம் கட்டினார்கள், 1532இல் எரிந்துபோனது. இடிந்த சுண்ணாம்புக் கற்சுவர்களுக்கு நடுவில் புல்லில் துணி விரித்து, அக்கா கட்டிவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். ஸ்டொவ்னரில் 2017இல் ஒரு நடைக்கோபுரம் கட்டியிருக்கிறார்கள். படி இல்லை, மரங்களின் உச்சி உயரத்தில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. சக்கர நாற்காலியிலும் போகலாம். முழங்கால் வலிக்காரியான அக்கா அதன் முனையில் நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தாள். யாருக்காகக் கட்டவேண்டும் என்று யோசித்துக் கட்டிய கட்டடம். நடக்கவே ஏலாதவர்களுக்கு ரோசா நிறத்தில் சின்ன பஸ்கள் இருக்கின்றன. முதலே சொல்லி வைத்தால் 67க்கு மேற்பட்டவரை வாசலில் ஏற்றி, கடைக்கோ வைத்தியரிடமோ கொண்டுபோய் விடும்.

நூலகத்தைச் சொல்லாமல் விட்டால் நீர் கோபிப்பீர். கார்ல் டைக்மன் என்ற இரும்பாலை முதலாளி 1780இல் இறந்தபோது தன் புத்தகங்களை நகரத்துக்கு எழுதிவைத்தார். அவர் பெயராலேயே ஒஸ்லோ பொது நூலகம் இன்றும் நடக்கிறது. 2020இல் கடற்கரையோரம் புதிதாகத் திறந்த தலைமை நூலகத்தில் இளைப்பாறியவர்கள் காலையிலேயே பேப்பரோடு வந்து குந்தியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே கடல். நான் பின்னேரம் வரை எழும்பவில்லை.

எல்லாம் வடிவாக இருக்கிறது என்று எழுதி உம்மை ஏமாற்ற மனமில்லை. குளிர்காலத்தில் இதே பாதைகள் கண்ணாடி மாதிரி வழுக்கும். சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் கொழுவாமல் முதியவர்கள் இறங்க முடியாது. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு அந்த வீடே சிறை. மொழி தெரியாமல், நாலாம் மாடியில், பிள்ளைகள் வேலையால் வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தாய்மாரையும் கண்டேன். அத்தானின் பெரிய பயம் ஞாபக மறதி நோய். அது வந்தவர்களிடமிருந்து பெரும்பாலும் பிந்திப் படித்த மொழிதான் முதலில் கழன்று போகிறது. சிறுவயதுத் தமிழ் நிற்கிறது. நோர்வேஜியப் பராமரிப்பு இல்லத்தில் நொஸ்க் மறந்த ஒரு கிழவர் தண்ணி கேட்டால் யாருக்கு விளங்கும்? மீன் தொழிற்சாலைத் தலைமுறை இப்போதுதான் அந்த வயதை எட்டுகிறது. கோயிலும் கலைக்கூடமும் பிள்ளைகளுக்காக உழைத்தது போதும் என்றல்ல, இனி இந்த முதியவர்களுக்காகவும் தமிழ் தெரிந்த தாதியரையும் தொண்டர்களையும் சேர்க்கவேண்டும் என்று அத்தான் காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வது சரி.

உம்மிடம் ஒரு வேலை கேட்கிறேன். எங்கள் வாசிகசாலையின் மேற்குப் பக்க ஓடு மாரிக்கு முன் மாற்ற வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் பேசிவிட்டோம். வெளிநாட்டுக் காசுக்காகக் காத்திருக்க வேண்டாம். இளைப்பாறியவர்கள் நாங்களே பத்துப்பேர் இருக்கிறோம். உடைந்த ஓடு எத்தனை, எந்தத் தீராந்தியில் கறையான், யன்னல் பிணைச்சல் எது கழன்றது என்று ஒருக்கால் நடந்து பார்த்துக் கொப்பியில் எழுதி வையும். தபாற்கந்தோர் மாஸ்ரருக்குத் தச்சுவேலை நன்றாக வரும், அவரையும் கூட்டிக்கொண்டு போம். நான் ஆனி கடைசியில் வந்துவிடுவேன். வாற முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏணியோடு நிற்போம். அத்தான் எனக்கொரு நல்ல சுத்தியல் தந்திருக்கிறார்.

அன்புடன்,
உமது நண்பன்