எந்தப் பாத்தியில் நின்றது?

உள்ளே இயங்குதளம் எதுவும் இல்லாத கணினி, கேபிள் வழியாகவே தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கி எழுந்து நிற்பதுதான் நெட்வொர்க் பூட். இன்டெல் 1999 செப்டம்பரில் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 வரையறை இன்றும் இதற்கு அடிப்படை. அதன் உறுப்புகள் இன்னும் பழையவை. கோப்பை இழுத்துத் தரும் டி.எஃப்.டி.பி. 1981-ஐச் சேர்ந்தது. முகவரியையும் கோப்பின் பெயரையும் சொல்லும் டி.எச்.சி.பி., 1985-இல் வந்த பூட்-பி முறையின் வாரிசு. நூறு கணினி உள்ள அலுவலகத்தில் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓ.எஸ். போடாமல், எஃப்12 அழுத்திவிட்டு அடுத்ததற்கு நகர இந்த ஏற்பாடு. ஒழுங்காக நடக்கும்வரை யாரும் இதைக் கவனிப்பதில்லை. நின்றால்தான் ஆளைக் கூப்பிடுவார்கள்.

அந்த சர்வீஸ் இன்ஜினியரின் வேலை ஒழுங்கு மரக்காணம் உப்பளக் கரையில் எளிதாகப் பிடிபடும். உவர்நீர் பாய்ச்சிய இடத்திலேயே உப்பாகிவிடுவதில்லை. பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, உவர்நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொட்ட பிறகே உப்பு இறங்கும். கடைசிப் பாத்தியில் உப்பு இறங்கவில்லையென்றால் முந்தைய பாத்தியைப் போய்ப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் பூட்டுக்கும் இப்படிப் பாத்திகள் உண்டு: கேபிள், முகவரி, கோப்பின் பெயர், கோப்பு, அந்தக் கோப்புக்குள் இருக்கும் சிறு விண்டோஸ், கடைசியில் கணினியில் இறக்க வேண்டிய முழு விண்டோஸின் இமேஜ். திரையில் வரும் பிழை எண் எந்தப் பாத்தியில் நின்றது என்பதை மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

இ61 என்றால் கேபிளிலேயே நின்றுவிட்டது. “சார், பின்னாடி பச்சை லைட் எரியுதா பாருங்க” என்று போனில் கேட்கும் முதல் கேள்வி இதற்குத்தான். உப்பளத்தை ஒட்டிய ஊரில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை. காற்றில் வரும் உப்புத்துகள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ராத்திரி ஏ.சி. நிறுத்தப்பட்ட அறையில், ஜாக்கின் எட்டுப் பற்கள்மேல் கண்ணுக்குத் தெரியாத உவர்நீர்ப் படலம் உட்கார்ந்திருக்கும். பொன்முலாம் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் பச்சை பூக்கும். இதில் மோசமானது முழுதாக அறுந்த கேபிள் அல்ல, பாதி பிடிக்கும் கேபிள். எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் பிடித்தால் பல நேரம் லைட் எரியும், ஆனால் வேகம் 1,000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கிவிடும். துடைத்துப் பார்ப்பதைவிட ஜாக்கை வெட்டி எறிந்து புதிதாக கிரிம்ப் அடிப்பதே மேல்.

லைட் எரிந்தும் இ51 வந்தால், முகவரி தர யாரும் முன்வரவில்லை என்று பொருள். புதிய யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் இதே குறை இ16 என்று வரும். கணினி, 67-ஆம் போர்ட்டைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி முகவரி கேட்கிறது. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் விழுப்புரத்திலோ சென்னையிலோ இருந்தால், அதைக் கேட்டு எடுத்துச் சொல்லும் ரிலே ரவுட்டரில் இருந்தாக வேண்டும். கொடுப்பதற்கு முகவரி மிச்சமில்லாமல் தீர்ந்துபோயிருக்கவும் கூடும்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன, ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினி அதே பாயின்டில் முகவரி வாங்குகிறது, பூட் மட்டும் வரவில்லை. இந்த நிலையில் விஷயம் தெரிந்தவர் பையிலிருந்து ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எடுப்பார். சில நூறு ரூபாய்ப் பொருள். செட்டிங் எதுவும் கிடையாது. அதைச் சுவருக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டியதும் பூட் வந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. ராக்கிலுள்ள பெரிய ஸ்விட்ச், ஒரு போர்ட்டில் புதிதாக இணைப்பு வந்தால் உடனே தரவை விடாது. வலையில் எங்கேனும் வளையம் விழுகிறதா என்று 15 நொடி கேட்கும், பிறகு 15 நொடி கற்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து ஒட்டுவதால் அந்த 30 நொடியும் மறுபடி முதலிலிருந்து ஓடும். பல கணினிகள் அதற்குள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். நடுவில் சின்னது நின்றால் பெரியதன் பார்வையில் இணைப்பு அறுபடுவதே இல்லை. தீர்வு, பெரிய ஸ்விட்சின் அந்த போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுவது. சின்ன ஸ்விட்சை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவோரும் உண்டு. மேசைக்கடியில் தூசி படிந்து கண்சிமிட்டும் பெட்டிகளில் சில இப்படி வந்தவைதாம்.

இ53 வந்தால் முகவரி கிடைத்தது, எந்தக் கோப்பு என்பது கிடைக்கவில்லை. பெயர் கிடைத்தாலும் அது அந்தக் கணினிக்குரியதாக இருக்க வேண்டும். கணினி தன் வகையை 93-ஆம் ஆப்ஷனில் சொல்லும்: பழைய பயாஸ் என்றால் 0, 64 பிட் யு.இ.எஃப்.ஐ. என்றால் பெரும்பாலும் 7. டி.எச்.சி.பி.யின் 67-ஆம் ஆப்ஷனில் ஒரே கோப்பின் பெயரை எழுதி வைத்த அலுவலகத்தில், பழைய கணினிகள் எழும். புதிதாக வாங்கியவை எழாது. சர்வர் லினக்ஸ் என்றால் இன்னொரு கண்ணி: பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியதிலிருந்து தமிழ்நாட்டு அரசுக் கணினிகளில் லினக்ஸ் பழகிய பெயர். இந்தக் கண்ணியும் அப்படியே.

கோப்பை இழுக்கும்போது நிற்பது இ32. கேள்வி 69-ஆம் போர்ட்டுக்குப் போகும், பதிலோ வேறொரு போர்ட்டிலிருந்து வரும். 69-ஐ மட்டும் திறந்துவிட்ட ஃபயர்வால் பதிலைத் தடுத்துவிடும். நிற்காமல் ஊர்ந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.எஃப்.டி.பி. இயல்பாக 512 பைட் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். சிறு விண்டோஸ் அடங்கிய பூட்.விம் கோப்பு 500 மெகாபைட் என்றால் 10 லட்சத்துக்கும் மேல் துண்டுகள். ஒரே கட்டடத்துக்குள் போய்வர 1 மில்லிநொடி என்று வைத்தால் 17 நிமிடம். சென்னை சர்வரிலிருந்து 30 மில்லிநொடி என்றால் எட்டரை மணி நேரம். லைனின் வேகத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. 1998-இல் வந்த ஏற்பாட்டின்படி துண்டை 1,456 பைட்டாக்கினால் நேரம் மூன்றில் ஒரு பங்காகும். கிளை அலுவலகத்திலேயே ஒரு சிறு சர்வர் வைப்பது அதைவிட நல்லது.

கோப்பு வந்து சிறு விண்டோஸ் எழுந்த பிறகும் வேலை நிற்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். நீலத்திரை வரும், இணைப்பு தயாராகிறது என்று சொல்லும், கணினி சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். இதுவரை கேபிளோடு பேசியது போர்டிலுள்ள மென்பொருள். இனிப் பேச வேண்டியது விண்டோஸ். புதிய மாடலின் நெட்வொர்க் டிரைவர் பூட் இமேஜில் இல்லையென்றால் அதற்குக் காது கேட்காது. ரீஸ்டார்ட் ஆவதற்குள் எஃப்8 அழுத்திக் கறுப்புத்திரையில் ஐ.பி.கான்ஃபிக் அடித்தால் முகவரி வெறுமையாக இருக்கும். முகவரி இருந்தும் சர்வர் ஏற்க மறுத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். போர்டிலுள்ள காசு அளவு பேட்டரி செத்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது.

கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பூட் கோப்பை ஏற்கும் செக்யூர் பூட்டில் இப்போது இன்னொரு சிக்கல். மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்கள் 2026-இல் காலாவதியாகின்றன. அவற்றுக்குப் பதில் 2023-இன் சான்றிதழ்கள். புதியதில் கையெழுத்தான பூட் கோப்பை, அந்தச் சான்றிதழ் சேர்க்கப்படாத பழைய போர்டு ஏற்காது. பழையதை விலக்கிவிட்ட கணினி பழைய பூட் இமேஜை ஏற்காது.

பல இடங்களில் இந்த வேலை ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாக இறங்கி, போய்வரும் ஆளுக்கு ஒரு சர்வீஸ் காலுக்கு இவ்வளவு என்று வந்து நிற்கிறது. பழுதைத் தேடி அரைநாள் உட்கார்ந்தாலும் பென்டிரைவில் அரைமணியில் முடித்தாலும் கூலி ஒன்று. அதனால் பென்டிரைவ் ஜெயிக்கிறது, கால் குளோஸ் ஆகிறது, அதே குறை அடுத்த மேசையில் காத்திருக்கிறது.

இமேஜ் இறங்கத் தொடங்கினால் பெரும்பகுதி கடந்தாயிற்று. பெயர் வைப்பதும் டொமைனில் சேர்ப்பதும் தானாக நடக்கும். கடைசியாகப் பார்க்க வேண்டியது பூட் வரிசை. நெட்வொர்க்கே முதலில் இருக்க, சர்வரும் ஓ.எஸ். போடும் வேலையை எப்போதும் கட்டாயம் என்று வைத்திருந்தால், முடிந்த கணினி மறுபடி சர்வரிடம் போய், போட்ட விண்டோஸை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். முதல் ரீஸ்டார்ட்டில் லாகின் திரை வரும்வரை நின்று பார்த்துவிட்டு, ஐந்து போர்ட் ஸ்விட்சைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.