பேக்கப் இருந்துச்சு, சாவி இல்ல

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல ஒரு ஆணி என் கையிலயே குத்திருச்சு, அந்தக் கதைதான் இது.

சித்தையன்கோட்டை வீட்டு மாடியில உக்காந்துதான் இப்ப பொட்டி தட்டுறேன். ராத்திரி ஓடவேண்டிய வேலைகளை எல்லாம் நேரம் பாத்து ஓட்டுறது ஒரு ஜென்கின்ஸ் சர்வர். அதுக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதினது அடியேன். பெரிய வித்தை இல்லீங்க. ஜென்கின்ஸ் தன் சொத்து பூராவையும் ஒரே டைரக்டரியில வச்சிருக்கும். ஒர்க்ஸ்பேஸை விட்டுட்டு மிச்சத்தை டார் போட்டு வேற மெஷினுக்கு அனுப்பினாப் போதும்.

போன மாசம் சர்வர் டிஸ்க் மண்டையப் போட்டுச்சு. மணி ராத்திரி 11. தெனாவெட்டா புது மெஷின்ல பேக்கப்பை விரிச்சேன். ஜாப் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஓட விட்டா ஒண்ணுகூட உள்ள நுழையல. சேமிச்ச பாஸ்வேர்டு எதையும் அதால படிக்க முடியல.

காரணம் நான்தான். பாஸ்வேர்டுகளை ஜென்கின்ஸ் பூட்டித்தான் வைக்கும். சாவி, சீக்ரெட்ஸ் டைரக்டரியில இருக்குற மாஸ்டர்.கீ ஃபைல். அதை பேக்கப்போட சேக்காதே, தனியா பத்திரப்படுத்துன்னு கையேடே சொல்லுது. சேக்காம விட்டேன். பத்திரப்படுத்தல. (பக்கத்துலயே ஹட்சன்.யுடில்.சீக்ரெட்னு இன்னொரு ஃபைல், அதுவும் வேணும். 2011ல ஹட்சன் போயி ஜென்கின்ஸ்னு பேர் வந்துச்சு, இந்த ஃபைலுக்கு மட்டும் யாரும் பேர் மாத்தல.)

ஒவ்வொரு டீமா எழுப்பி பாஸ்வேர்டு வாங்கி மறுபடி போட்டு முடிக்கிறப்ப விடிஞ்சிருச்சு. "ஏண்டா, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு அம்மா காபியோட மாடியேறி வந்துட்டாங்க. ராத்திரி பூரா நான் போன்ல மன்னிப்பு கேட்டுட்டே இருந்தது கீழ வரைக்கும் கேட்டிருக்கு.

பிரிட்டன்ல ஆர்பிஎஸ் வங்கியில 2012 ஜூன்ல நடந்தது இதோட பெரியப்பா. ஜாப் ஷெட்யூலர் மென்பொருளை அப்கிரேட் பண்ணி, கோளாறுன்னு பழசுக்கே திருப்பினாங்க. அப்படித் திருப்பினா என்ன ஆகும்னு சோதிக்கல. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் மாட்டினாங்க. 2014ல 5.6 கோடி பவுண்டு அபராதம். நமக்கு மேனேஜரோட முறைப்பு மட்டும்தான்.

இப்ப சாவி ரெண்டும் வேற லாக்கர்ல. மாசத்துல மொத சனிக்கிழமை காலி மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, ஒரு ஜாப் நிஜமாவே லாகின் ஆகுதான்னு பாக்குறேன். நெட்வொர்க்கைக் கட் பண்ணிட்டுத்தான் ஜென்கின்ஸைக் கிளப்பணும், இல்லேன்னா நேரம் வந்ததும் எல்லா ஜாப்பும் ரெண்டு தடவை ஓடிரும். அந்த ஒரு ஜாப்புக்கு மட்டும் அப்புறமா கதவைத் திறந்து விடுவேன்.

வர்ற சனிக்கிழமை செம்பட்டியில சொந்தக்காரங்க கல்யாணம். லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போறேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல.